ஒரு வாய்க்காற்றால் பிரிந்த மனைவி
சாத்தமங்கை நீலநக்கர் வரலாறு

கல்யாணப் பந்தி. வரிசையாக இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுநாயகமாகச் சம்பந்தி வீட்டார். சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம். எங்கிருந்தோ ஒரு சத்தம்!

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன. பெரியவர்கள் தலையைக் குனிந்து இலையைப் பார்க்கிறார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாததுபோல் ரசம் கேட்கிறார்கள். சத்தத்துக்கு உரியவரோ, பாவம், பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்.

இந்தக் காட்சி மன்னார்குடியிலும் உண்டு, திருவாரூரிலும் உண்டு. உலகத்தில் எந்த ஊரில்தான் இல்லை?

உடம்பில் ஓடும் காற்றை நம் முன்னோர் பத்தாகப் பிரித்தார்கள். மூச்சாக வந்து போவது பிராணன். கீழே இறங்கிப் போவது அபானன். இரண்டும் உயிருக்கு வேண்டியவை. ஆனால் ஒன்றை மதிக்கிறோம். மற்றொன்றைக் கண்டு வெட்கப்படுகிறோம்.

உடல் நலமாக உள்ள ஒருவருக்கு ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வரை காற்றுப் பிரியும் என்கிறார்கள் டாக்டர்கள். மொச்சை, கொண்டைக்கடலை, துவரை போன்றவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரை சிறுகுடலில் செரிப்பதில்லை. அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. அதனால் காற்று உண்டாகிறது. அரசனுக்கும் அப்படித்தான், ஆண்டிக்கும் அப்படித்தான்.

ரோம் மன்னரின் யோசனை

கி.பி. 41 முதல் 54 வரை ரோம் நாட்டை ஆண்டவர் கிளாடியஸ் மன்னர். விருந்தில் வெட்கப்பட்டுக் காற்றை அடக்கிய ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து வந்ததாம். அதைக் கேள்விப்பட்ட மன்னர், விருந்தில் காற்று விடுவது குற்றமல்ல என்று உத்தரவு போட எண்ணினாராம். சூட்டோனியஸ் என்ற ரோம் நாட்டு ஆசிரியர் இப்படி எழுதி வைத்திருக்கிறார்.

மன்னருக்கு வந்த அந்த இரக்கம், நம் காவிரி நாட்டில் ஒரு கணவருக்கு உடனே வரவில்லை. அவர் சாதாரண மனிதரும் அல்லர். 63 நாயன்மார்களில் ஒருவர். அவர் மனைவியைத் தள்ளி வைத்ததற்குக் காரணம், அந்த அம்மையார் விட்ட ஒரு வாய்க்காற்று!

சாத்தமங்கை அந்தணர்

மன்னார்குடியில் இருந்து திருவாரூர் வழியாக வடகிழக்கே போனால் திருமருகல் வரும். அதற்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் சீயாத்தமங்கை. பழைய பெயர் திருச்சாத்தமங்கை. அங்குள்ள சிவாலயத்துக்கு அயவந்தி என்று பெயர்.

7-ம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்தவர் நீலநக்கர். வேதம் படித்த அந்தணர். சிவனை வழிபடுவதும், அடியார்களுக்குத் தொண்டு செய்வதுமே வேதத்தின் உட்பொருள் என்று நம்பியவர். அவருடைய கதையை 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதினார்.

ஒரு திருவாதிரை நாள். நீலநக்கர் வீட்டுப் பூசையை முடித்தார். பிறகு அயவந்தி கோயிலுக்குப் புறப்பட்டார். பூசைக்கு வேண்டிய பொருள்களை எடுத்துக்கொண்டு மனைவியும் உடன் போனார்.

பூசை முடிந்தது. நீலநக்கர் சிவலிங்கத்தின் முன் அமர்ந்து ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே இருந்து ஒரு சிலந்தி லிங்கத்தின்மேல் விழுந்தது!

தாய் செய்த காரியம்

அம்மையார் பதறிப்போனார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைமேல் சிலந்தி விழுந்தால் தாய் என்ன செய்வாள்? யோசித்துக்கொண்டா நிற்பாள்? ஓடிப்போய் வாயால் ஊதித் தள்ளுவாள். அந்த இடத்தில் எச்சிலையும் உமிழ்வாள்.

அம்மையாரும் அதையே செய்தார். அந்த நொடியில் அவர் கண்ணுக்கு அது கல்லாகத் தெரியவில்லை. குழந்தையாகத் தெரிந்தது.

நீலநக்கர் அதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். சிலந்தி விழுந்தது, அதனால் ஊதினேன் என்றார் மனைவி.

அந்த விடை கணவரின் கோபத்தைத் தணிக்கவில்லை. விலக்குவதற்கு வேறு வழி இல்லையா, எச்சில் பட ஊதலாமா என்று கடிந்துகொண்டார். இனி நீ எனக்கு மனைவி இல்லை, உன்னைத் துறந்தேன் என்று சொல்லிவிட்டார்.

ஆண்டவன் சந்நிதியும் ஒரு சபைதான். அங்கே மூச்சுக்கும் எச்சிலுக்கும் கட்டுப்பாடு உண்டு. இன்றும் சில கோயில்களில் நைவேத்தியம் சமைப்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொள்வது வழக்கம். அந்த முறைப்படி பார்த்தால் நீலநக்கர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் முறை ஒன்றை மட்டுமே பார்த்தால் போதுமா?

பொழுது சாய்ந்தது. நீலநக்கர் தனியாக வீடு திரும்பினார். அம்மையார் வீட்டுக்குப் போக அஞ்சினார். கோயிலிலேயே தங்கிவிட்டார்.

காலமெல்லாம் கூட இருந்தவள். பூசைக்கு வேண்டியதை எடுத்து வந்தவள். ஒரு மூச்சில் எல்லாம் போய்விட்டது!

கொப்புளம் நிறைந்த மேனி

அன்று இரவு நீலநக்கர் கனவில் சிவபெருமான் தோன்றினார். தமது திருமேனியைக் காட்டினார்.

ஐயோ! மேனி எங்கும் கொப்புளம். சிலந்தியின் நஞ்சால் வந்த கொப்புளம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம் இல்லை. அது அம்மையார் வாயால் ஊதி உமிழ்ந்த இடம்!

எதை அசுத்தம் என்று நீலநக்கர் ஒதுக்கினாரோ, அதுவே ஆண்டவனுக்கு மருந்தாக இருந்தது.

நீலநக்கர் விழித்து எழுந்தார். கைகூப்பித் தொழுதார். விடிந்ததும் கோயிலுக்கு ஓடினார். அயவந்தி இறைவனை வணங்கினார். மனைவியை அழைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கண்ணப்பர் கதை நமக்குத் தெரியும். அவரும் வாயில் நீரைக் கொண்டுவந்து லிங்கத்தின்மேல் உமிழ்ந்தார். ஆனால் அவர் வேடர். பூசை முறை அறியாதவர். சாத்தமங்கை அம்மையார் அப்படி அல்லர். முறை அறிந்த வீட்டில் வாழ்ந்தவர். அறிந்திருந்தும், ஆபத்து நேரத்தில் அன்பு முந்திக்கொண்டது. அந்த அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.

பாணருக்கு இடம்

கதை இதோடு முடியவில்லை.

சில காலம் கழித்துத் திருஞானசம்பந்தர் சாத்தமங்கைக்கு வந்தார். நீலநக்கர் பந்தல் போட்டு வரவேற்றார். அடியார் கூட்டத்துக்கு விருந்து வைத்தார். சம்பந்தருடன் யாழ் வாசிக்கும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும், அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் வந்திருந்தார்கள்.

பாணர்கள் அந்தக் காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தினர். அந்தணர் வீட்டுக்குள் அவர்கள் நுழைவது வழக்கம் இல்லை. இரவு வந்தது. பாணர் தங்க இடம் தரும்படி சம்பந்தர் கேட்டார்.

நீலநக்கர் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. திண்ணையைக் காட்டவில்லை, கொட்டகையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே, வேள்வித் தீ எரியும் வேதிகையின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ அணையவில்லை, தீட்டு என்று விலகவும் இல்லை. முன்னிலும் ஓங்கி, வலமாகச் சுழன்று எரிந்தது. பாணரும் மனைவியும் அன்று இரவு அங்கே படுத்து உறங்கினார்கள்.

மனைவியின் எச்சிலைப் பொறுக்காதவர், பாணரைத் தம் வேள்வித் தீயின் அருகே படுக்க வைத்தார். சேக்கிழார் இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லியிருக்கிறார். ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் சம்பவத்தில் கற்ற பாடம் இரண்டாவதில் பயன்பட்டது என்றே தோன்றுகிறது.

மறுநாள் சம்பந்தர் அயவந்திக் கோயிலில் பதிகம் பாடினார். அதில் நீலநக்கர் பெயரையும் சேர்த்துப் பாடினார். பின்னர் நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தருக்குத் திருமணம் நடந்தது. அந்தச் சடங்கை நடத்தி வைத்தவர் நீலநக்கர். அங்கே தோன்றிய சோதியில் சம்பந்தரோடு அவரும் கலந்தார் என்பது வரலாறு. வைகாசி மூலம் அவருடைய குருபூசை நாள்.

பந்திக்குத் திரும்புவோம்

சபையில் அடக்கம் வேண்டியதுதான். முடிந்தால் எழுந்து அப்பால் போகலாம். வேண்டும் என்றே சத்தம் போடுவது அழகல்ல. ஆனால் உடம்பு சில வேளை நம் சொல்லைக் கேட்பதில்லை. வயதானவர்களுக்கும் வயிற்று நோய் உள்ளவர்களுக்கும் அது கைமீறிய காரியம்.

அப்போது சிரிக்காமல் இருப்பதுதான் பெரிய மரியாதை. வாய்க்காற்று பட்ட இடத்தைக் காட்டி ஆண்டவனே ஒரு பெண்ணுக்காகச் சாட்சி சொன்ன நாடு இது. பக்கத்து இலைக்காரர் வெட்கத்தால் எழுந்து போக விடலாமா? அவருக்கும் ஒரு கரண்டி பாயசம் போடச் சொல்லுங்கள்.