நாளை என்று சொல்லாத வள்ளல்

நம் கல்லூரியில் படித்த ஒவ்வொருவரும் அழகப்பா செட்டியார் என்ற பெயரை எத்தனை முறை எழுதியிருப்போம்! அட்மிஷன் பாரத்தில், ரெக்கார்டு நோட்டு அட்டையில், கடைசியில் வேலைக்குப் போட்ட அப்ளிகேஷனில். எழுதி எழுதி அந்தப் பெயர் நமக்கு ஒரு விலாசம் மாதிரி ஆகிவிட்டது. அந்த விலாசத்துக்குப் பின்னால் 48 வயதைக்கூட முழுசாகப் பார்க்காமல் போன ஒரு மனிதர் இருந்தார் என்பது பல பேருக்கு நினைவில் நிற்பதில்லை. மலரில் கல்லூரிச் செய்திகளையும் சாதனைகளையும் படிக்கிற கையோடு, இதற்கெல்லாம் முதல் செங்கல் வைத்தவரின் கதையையும் ஒரு தரம் படித்துவிடுவோமே.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தார் அழகப்பர். செட்டிநாட்டுப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றதும் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறி, கடையில் கணக்குப்பிள்ளையாக உட்காருவதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். நகரத்தார் சமூகத்தில் முதல் எம்.ஏ. என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. அதோடு விட்டாரா? லண்டன் போய் பாரிஸ்டருக்குப் படித்தார். அங்கேயே ஒரு வங்கியில் பயிற்சி பெற்றார். கிராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கினார்!

எல்லாம் கூடி வந்த அந்த இளம் வயதில்தான் தொழுநோய் அவரைப் பிடித்தது. இந்த விஷயத்தை எழுதும்போது நம்மவர்கள் கொஞ்சம் மழுப்பிவிட்டுப் போவது வழக்கம். மழுப்ப வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். அந்த நோயின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் ஒதுங்கிப் போன காலம் அது. பணக்காரர் வீடாக இருந்தால் பின்கட்டில் ஒரு அறையை ஒதுக்கி, ஆளையே வெளியில் காட்டாமல் வைத்துவிடுவார்கள். அழகப்பர் பின்கட்டுக்குப் போகவில்லை. ஊர் திரும்பியதும் நேராகத் தொழிலில் இறங்கினார்.

கேரளத்தில் திருச்சூர் பக்கம் ஒரு பெரிய துணி ஆலையை நிறுவினார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அழகப்ப நகர் என்றுதான் பெயர். மலாயாவில் ரப்பர் தோட்டம், இங்கே இன்ஷூரன்ஸ், பங்குச் சந்தை என்று தொட்ட துறைகள் பல. விமானம் ஓட்டத் தெரிந்த முதலாளி சும்மா இருப்பாரா? ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் நடத்தினார்.

சம்பாதித்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். அழகப்பர் எந்த வேகத்தில் கொடுத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தொழில்நுட்பக் கல்விக்கு உதவி கேட்டபோது 5 லட்சம் ரூபாய் தந்தார். 1944ல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அப்படி வந்ததுதான். 1978ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதில் சேர்ந்த நான்கு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அதே காலத்தில் திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய 1 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

காரைக்குடிக்கு விடிவு வந்தது 1947ல். அந்த ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டத்தில், வசதி படைத்தவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று அதே துணைவேந்தர் கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வேண்டுகோளைக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? கைதட்டிவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்குவதாக அறிவித்துவிட்டார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. சொந்தக் கட்டடம் எல்லாம் பின்னால்தான் வந்தது.

ஒரு பிராஜெக்டுக்கு எஸ்டிமேட் போட்டு, அப்ரூவல் வாங்கி, டெண்டர் விட்டு, வேலை ஆரம்பிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று நம்மைப் போன்ற இன்ஜினீயர்களுக்குத் தெரியும். இவர் ஒரு கல்லூரியையே ஒரு மாத இடைவெளியில் நடத்திக் காட்டியிருக்கிறார்!

அதற்கடுத்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். சுதந்திர இந்தியாவில் தேசிய ஆய்வகங்கள் அமைந்த ஊர்களைப் பாருங்கள்: டில்லி, பூனா, கல்கத்தா, ஜாம்ஷெட்பூர். அந்த வரிசையில் முட்செடி முளைத்த பொட்டலாகக் கிடந்த காரைக்குடி எப்படி இடம் பிடித்தது? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாய் ரொக்கமும் தருவதாகச் சொன்னார். அதுதான் காரணம். ஒரு பவுன் நூறு ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. அந்த 15 லட்சத்துக்கு 15,000 பவுனுக்கு மேலேயே வாங்கியிருக்கலாம். இன்றைய விலையில் பெருக்கிப் பார்க்கும் வேலையை இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு விட்டுவிடுகிறேன். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில், ஜனவரி 14 அன்று, குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இதற்கு நடுவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1952ல் நம்ம பொறியியல் கல்லூரி வந்தது. பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. பெண்களுக்குத் தனியாகக் கல்லூரி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, தாம் குடியிருந்த வீட்டையே அதற்குக் கொடுத்துவிட்டார். அரிச்சுவடி படிக்கும் குழந்தை அதே வளாகத்தில் வளர்ந்து, பட்டம் வாங்கி, ஆராய்ச்சிக்கூடத்திலும் போய் நிற்கலாம் என்கிற ஏற்பாடு இது. ஆங்கிலேயர் ஆட்சி அவருக்கு அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை அடைந்ததும் துறந்தார். 1956ல் பத்மபூஷண் அவரைத் தேடி வந்தது.

நோய் மட்டும் விட்டு வைக்கவில்லை. 1957 ஏப்ரல் 5 அன்று காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். கலைக் கல்லூரியை அறிவித்த நாளிலிருந்து எண்ணினால் பத்து வருஷம்கூட முழுசாக இல்லை. காரைக்குடியில் நாம் பார்க்கும் இவ்வளவும் அந்தப் பத்து வருஷத்துக்குள் விதைத்ததுதான்.

விதைத்தது வீண் போகவில்லை. அந்தக் கல்வி நிறுவனங்களின் அடித்தளத்தில்தான் 1985ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. 2017ல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு அதற்கு 4 புள்ளிக்கு 3.64 புள்ளியும் ஏ பிளஸ் தகுதியும் அளித்தது. 2018ல் முதல் வகைப் பல்கலைக்கழகம் என்ற தன்னாட்சி அந்தஸ்தும் கிடைத்தது. மின்வேதியியல் ஆய்வகம் துருப்பிடிப்பைத் தடுப்பதிலும் பேட்டரி ஆராய்ச்சியிலும் நாடறிந்த பெயர் எடுத்திருக்கிறது. 1988 முதல் அங்கேயே பி.டெக். வகுப்பும் நடக்கிறது. நம்ம கல்லூரி அரசுக் கல்லூரியாகி, 1952ல் தொடங்கிய வரிசை அறுபடாமல் வருஷா வருஷம் இன்ஜினீயர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்!

கர்ணன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன், கேட்ட பொற்கிண்ணத்தை இடது கையாலேயே எடுத்துக் கொடுத்தானாம். வலது கைக்கு மாற்றுவதற்குள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம். அழகப்பரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். மனசு மாறும் என்ற பயம் இவருக்கு இருந்திருக்காது. நாள் போதாது என்பது தெரிந்திருக்கும்.

காரைக்குடிக் கல்லூரியை அறிவித்தபோது அவருக்கு வயது 38. இதை எழுதும் எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். நம் செட்டில் எல்லோருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகள் ஃபீஸ், அப்பா அம்மா ஆஸ்பத்திரிச் செலவு என்று வரிசையாக நிற்கிறது. கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. கொஞ்சம் செட்டில் ஆனப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளி வைக்கிறோம். செட்டில் ஆவது எந்த வருஷம் என்று யாராலும் தேதி சொல்ல முடிவதில்லை.

300 ஏக்கர் கொடுக்க நம்மால் முடியாது. கேட்பாரும் இல்லை. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பயந்து நிற்கும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பயிற்சி கொடுக்கலாம். நம் கம்பெனியில் பிராஜெக்ட் செய்ய இரண்டு பேருக்கு வழி காட்டலாம். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத ஒரு மாணவிக்கு அந்த செமஸ்டரை நாம் ஏற்றுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் செட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை.

எனவே நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் அவரவர் பழைய டிபார்ட்மெண்ட் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். லேபில் எந்த மிஷின் ஓடாமல் நிற்கிறது, அதை ஓட வைக்க என்ன வேண்டும் என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் யார் எதைச் செய்வது என்று உங்கள் செட்டுக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

வள்ளல் அழகப்பர் புகழ் வாழ்க!