முப்பத்தைந்து ஆண்டுத் தவம்: டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார்

தமிழ் கற்பிக்கும் யாம் இவ்விழா மலரிலே மேனாட்டு விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். தாம் கண்டதற்கு மேலாக ஒரு சொல்லும் கூறாத வாய்மை எத்துறையினர்க்கும் வேண்டுவதொன்று. அதனைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டு வாழ்ந்தவர் டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார்.

அம்மையார் 1910 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோர்க்கு மகளாகப் பிறந்தார். இங்கிலாந்திலே பெக்கிள்ஸ் என்னும் ஊர்ப் பள்ளியில், ஆண்பிள்ளைகள் பயின்ற இரசாயன வகுப்பிற் சேர அவருக்கும் வேறொரு மாணவிக்கும் அனுமதி கிடைத்தது. ஒக்ஸ்போட்டிலே பட்டம் பெற்றபின், கேம்பிரிட்ஜில் பேர்ணல் என்னும் அறிஞரிடம் ஆராய்ச்சி பயிலச் சென்றார்.

அவர் கைக்கொண்ட துறை பளிங்கியல். பளிங்கினுள்ளே மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன. எக்ஸ்-கதிர் அதனூடு செல்லுங்காற் கோணலுற்றுப் படத்தாளிற் புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டே அணுக்களின் அமைப்பை உய்த்துணர வேண்டும். உப்பு முதலியவற்றில் இம்முறை பயன் தந்தது. புரதப் பளிங்குகளோ மங்கலான கறையையே காட்டின.

1934 ஆம் ஆண்டிலே காரணம் புலனாயிற்று. புரதப் பளிங்கின் பெரும்பகுதி நீரே; உலர்ந்தவுடன் உள்ளொழுங்கு குலைந்துவிடும். பேர்ணல் பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்கை, அது விளைந்த திரவத்தோடு மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் படமெடுத்தார். தெளிவான புள்ளிகள் தோன்றின. அவரும் அம்மையாரும் இதனை உலகுக்கு அறிவித்தனர். பிழை கதிரிலன்று, பளிங்கைப் பேணிய முறையிலேயே இருந்தது.

அவ்வாண்டு ஒக்ஸ்போட்டிலே பேராசிரியர் றொபேட் றொபின்சன் சிறிதளவு இன்சுலினை அம்மையாரிடம் அளித்தார். 1935 இல் அதன் படம் வெளியாயிற்று. ஆயின் அப்பளிங்கு உலர்ந்த பளிங்கு. புள்ளிகள் மையத்தை அண்டியே நின்றன. நுண்ணிய விவரம் தரவல்லன வெளிப்புறப் புள்ளிகளே. பின்னர் ஈரப்பளிங்கைக் கொண்டு 1939 இல் அவர் வெளியிட்ட படங்களிலே புள்ளிகள் வெகுவாகப் பெருகின.

அக்காலத்தில் டொரதி ரிஞ்ச் என்னும் கணித அறிஞர், புரதங்களுக்குத் தாம் வகுத்த சைக்கிளோல் என்னும் அமைப்பை இன்சுலின் அளவைகள் மெய்ப்பிக்கின்றன என்று வாதிட்டார். அளவைகளை எடுத்த அம்மையாரோ அவ்வாறு உரிமை பாராட்டவில்லை. அத்துணைக் குறைந்த புள்ளிகளிலிருந்து அமைப்பைக் கூறல் இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். சைக்கிளோல் அமைப்பு இன்சுலினுக்குப் பொருந்தாதென்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. அன்று அவர் அவசரப்பட்டிருப்பின் அப்பிழையிற் பங்குகொண்டிருப்பார் அன்றோ!

இன்சுலினை ஒருபுறம் வைத்து, கையிற் பிடிபடும் சிறிய மூலக்கூறுகளை நாடினார். 1945 இல் பென்சிலினின் அமைப்பையும், 1950களின் நடுவில் விற்றமின் பி12 இன் அமைப்பையும் துணைவரோடு கண்டறிந்தார். 1964 இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. இருபத்துநான்காம் வயதிலே தொடங்கிய மூட்டுவாதம் விரல்களைக் கோணச் செய்தும், மூன்று மக்களை வளர்க்கும் பொறுப்பிருந்தும், அவர் பணி தளரவில்லை.

1953 இல் மாக்ஸ் பெறூட்ஸ் கனமான அணுக்களைப் புரதத்திற் புகுத்திப் புதுவழி காட்டினார். கன அணு புகுமுன்னும் புகுந்தபின்னும் புள்ளிகளின் செறிவை ஒப்பிட வேண்டும். வேறுபாடு மிகச் சிறிது. அளவை பிழைப்பின் அது பிழையிலேயே மறைந்துபோம். கன அணு பளிங்கின் ஒழுங்கை மாற்றினாலோ ஒப்பீடே வீணாகும். அம்மையார் குழுவினர் இன்சுலினிலுள்ள துத்தநாகத்தை நீக்கி ஈயம் முதலியவற்றைப் புகுத்த முயன்றனர். கதிர் பட்ட பளிங்கு நாளடைவில் நலிந்து புள்ளிகள் மங்கும். ஒத்திருக்க வேண்டிய புள்ளிகள் ஒவ்வாவிடின் அவ்வளவையை ஐயுறல் வேண்டும். வெளிப்புறத்து மெலிந்த புள்ளி மெய்யோ, படத்தின் அழுக்கோ என ஆராய்தல் வேண்டும். பளிங்கியலார்க்கு இத்தேர்வே நாளாந்த வேலை.

1969 ஆம் ஆண்டிலே, முப்பத்தைந்து ஆண்டு கழிந்தபின், 51 அமினோவமிலங்கள் கொண்ட இன்சுலினின் வடிவம் வெளிப்பட்டது. கை டொட்சன், எலினோர் டொட்சன், ரொம் பிளண்டல், இந்தியரான விஜயன் முதலியோர் உடனுழைத்தனர். அப்போதும் 2.8 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கமே கிடைத்தது. ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீற்றரின் கோடியிலொரு பங்கு. சங்கிலி செல்லும் வழி புலனாயினும், அணுக்கள் தனித்தனியே தோன்றா. ஆதலின் அம்மையார் அதனோடு அமைதியுறாது மீண்டும் அளந்து, 1971 இல் 1.9 ஆங்ஸ்ட்ரம் வரை சென்றார்.

1994 ஆம் ஆண்டு யூலை 29 இல் அம்மையார் மறைந்தார். நீரிழிவுக்கு மருந்தாகும் இன்சுலினின் அமைப்பை இன்று நாம் அறிவது அவர்தம் பொறுமையின் பயனாகும்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே, விடையை முன்னரே அறிந்துகொண்டு அதற்கேற்ப அளவைகளைத் திருத்தி எழுதும் மாணவரை யாம் கண்டதுண்டு. அவர்கட்கு யாம் கூறத்தக்கது இவ்வரலாறே. பொய்யான அளவையால் ஒருநாளைப் புள்ளி கிடைக்கும். மெய்யான அளவைக்கு முப்பத்தைந்து ஆண்டும் செல்லலாம். எனினும் நிலைத்து நிற்பது பின்னதே. பழைய மாணவரும் புதிய மாணவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.