குடிமக்களிடம் விடைபெறப் போன மன்றோ துரை

சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் சர் தாமஸ் மன்றோ. 1761-ல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1780-ல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

1800-ல் ஐதராபாத் நிஜாம், ஆங்கிலப் படையின் செலவுக்காகப் பெல்லாரி, கடப்பைச் சீமைகளைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பகுதிக்குத் தத்த மண்டலம் என்று பெயர். மன்றோ அதன் கலெக்டரானார்.

அங்கே சுமார் 80 பாளையக்காரர்கள் வைத்ததே சட்டம். மன்றோ அவர்களை அடக்கினார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்றார். நிலங்களை வயல் வயலாக அளக்கச் செய்தார். நடுவில் யாரும் இல்லாமல் குடியானவரே சர்க்காருக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறையை நடத்தினார்.

ஆனால் வரி பெரும் சுமையாக இருந்தது. நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-ல் மன்றோவே எழுதினார். மேலிடம் இணங்கவில்லை. 1808-ல் மண்டலம் பெல்லாரி, கடப்பை என்று இரண்டு ஜில்லாக்களாயிற்று.

1820-ல் மன்றோ சென்னைக் கவர்னரானார். அன்று கேட்டதை இப்போது தாமே செய்தார். வரி குறைந்தது.

1827-ல் தாய்நாடு திரும்பும் வேளை வந்தது. பழைய குடிமக்களிடம் விடைபெறப் புறப்பட்டார். வழியில் காலரா கண்டது. ஜூலை 6-ந் தேதி பத்திக்கொண்டாவில் காலமானார்.

தத்த மண்டலம் என்ற ஜில்லா மறைந்துவிட்டது. ஆனால் அந்தச் சீமைக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு அவரை நினைவில் வைத்தன.