எல்லிஸ் துரையும் பழைய காகிதமும்

ரவுண்ட் ராக்கில் போன மாசம் என் பதினோரு வயசு மகளை வருடாந்திர செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி வந்துவிட்டேன். காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தி. ஊசி எதுவும் வேண்டாம், கஷாயம் போதும், சித்தர் ஓலையிலேயே இருக்கு என்றது அது. அந்த ஓலையை யாராவது பார்த்திருக்காங்களா என்று மகள் கேட்டாள். எனக்கு எல்லிஸ் துரை ஞாபகம் வந்தார்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னை வந்தவர். ஜென்னர் முதல் அம்மைத் தடுப்பூசி போட்டதும் அதே வருஷம்தான். 1810-ல் எல்லிஸ் சென்னையின் கலெக்டர் ஆனார். தமிழ் படித்தார், திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதினார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்பே, 1816-ல் எழுதிக் காட்டினார். 1818-ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது சென்னையில் கிணறுகள் வெட்ட வைத்தார்.

அம்மை ஊசி 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். யார் வீட்டுக் குழந்தை, என்ன சாதி என்ற கேள்வி வந்தது. அம்மை என்பது தாய் என்று நம்பிய மக்கள், அவளைத் தடுக்கலாமா என்று பயந்தார்கள். ஊசி கொண்டு வந்தவனோ வெள்ளைக்காரன். மறுத்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை.

எல்லிஸுக்கு அது புரிந்தது. அதனால் அவர்கள் மொழியிலேயே பேசப் பார்த்தார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக, பசுவின் அம்மைப்பால் பற்றித் தமிழில் ஒரு கதை எழுதினார். அதுவரைக்கும் சரி. அதோடு சமஸ்கிருதத்தில் ஒரு பாட்டு இயற்றி, பழைய காகிதத்தில் எழுதி, பழைய நூல் கிடைத்தது போலக் காட்டினார் என்று அவர் காலத்து அதிகாரி ஜான் மால்கம் பதிவு செய்திருக்கிறார். நல்ல நோக்கம்தான், ஆனால் பொய்.

எல்லிஸ் 1819 மார்ச்சில், எங்க ஊரான ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் எழுதியதில் பெரும்பகுதி அச்சேறவே இல்லை. ஆனால் நம் முன்னோர் நூல்களிலேயே தடுப்பூசி இருந்தது என்ற பேச்சு மட்டும் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஓடியது.

எனக்கு உறைத்தது இதுதான். ஊசிக்கு ஆதரவாக அன்று எடுத்த பழைய காகிதத்தை, இன்று ஊசிக்கு எதிராக எடுக்கிறார்கள். பழசு என்று சொன்னாலே நம்பிவிடுகிற பழக்கத்தை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம். இங்கே டெக்சாஸில் 2025-ல் தட்டம்மை பரவி 762 பேருக்கு வந்தது, இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். சின்னம்மை மாதிரி போயிடும் என்று நம்மிலேயே சிலர் சொன்னதைக் கேட்டேன்.

எல்லிஸிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, விட வேண்டியது ஒன்று. மக்களோட மொழியில, மரியாதையோட பேசுவது முதலாவது. பொய்ச் சாட்சி இரண்டாவது. அன்னைக்கு ராத்திரி ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன். இந்த ஊசி எதைத் தடுக்குது, கை ஏன் ரெண்டு நாள் வலிக்கும், பதினைந்து வயசுக்கு முன்னாடி ஆரம்பித்தால் ஏன் ரெண்டு டோஸ் போதும் என்று தமிழிலேயே சொன்னேன். தெரியாததைத் தெரியாதுன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் அக்கா அந்தப் புற்றுநோயில்தான் போனாள் என்றார். இத்தனை வருஷம் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் மகளுக்கு முதல் டோஸ் போட்டாச்சு. உங்க வீட்டுக் குழுவிலும் ஒரு ஓலை வரும். அனுப்பினவரைத் திட்டாதீங்க. போன் போட்டுப் பேசுங்க.