லூசில் பால்

லூசில் பால் (ஆகஸ்ட் 6, 1911 - ஏப்ரல் 26, 1989) ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகையும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் ஆவார். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான ஐ லவ் லூசி தொடரின் மூலம் பெரும்புகழ் பெற்றார்.

இளமை

இவர் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை டைபாய்டு காய்ச்சலுக்கு இழந்தார். பதின்ம வயதில் நியூயார்க் நகரின் நாடகப் பள்ளியொன்றில் சேர்ந்தபோது, கூச்ச சுபாவம் உடையவர் என்று கூறி அப்பள்ளி இவரைத் திருப்பி அனுப்பியது. விளம்பர அழகியாகப் பணியாற்றிய பின் 1933 இல் ஹாலிவுட் சென்றார். பல திரைப்படங்களில் நடித்தும் முன்னணி நட்சத்திரமாக உயர இயலவில்லை.

தொலைக்காட்சி

1940 இல் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர் டெசி ஆர்னாசை மணந்தார். தொழில் நிமித்தம் இருவரும் பெரும்பாலும் பிரிந்தே வாழ நேர்ந்தது. எனவே, தம்மைக் கொண்டு சிபிஎஸ் தொடங்க எண்ணிய தொடரில் ஆர்னாசே கணவராக நடிக்க வேண்டும் என லூசில் வலியுறுத்தினார். அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபக் கணவரை மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் 1950 இல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தி, மக்கள் ஏற்பர் என்பதைக் காட்டினர்.

அக்காலத்தில் இத்தகைய தொடர்கள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. ஹாலிவுட்டிலேயே தங்க விரும்பிய தம்பதியர், பார்வையாளர் முன்னிலையில் மூன்று படப்பிடிப்புக் கருவிகளைக் கொண்டு தொடரைப் படச்சுருளில் பதிவு செய்தனர். கூடுதல் செலவுக்காகத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, தொடரின் உரிமையைப் பெற்றனர். தெளிவான படச்சுருள்கள் எஞ்சியதால் தொடரைப் பலமுறை மறு ஒளிபரப்பு செய்ய முடிந்தது.

லூசில் கருவுற்றிருந்தது கதையிலும் சேர்க்கப்பட்டது. எனினும் கர்ப்பம் என்னும் சொல்லைப் பயன்படுத்த சிபிஎஸ் அனுமதிக்கவில்லை. ஜனவரி 19, 1953 அன்று ஒளிபரப்பான குழந்தைப் பேறு பகுதியைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தனர். அதே நாளில் இவருக்கு மகன் பிறந்தது குறிப்பிடத்தக்கது.

தயாரிப்பாளர்

தம்பதியரின் டெசிலு நிறுவனம், லூசில் முன்பு ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்கேஓ நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளங்களை 1957 இல் வாங்கியது. ஆனால், இணைந்து வாழ்வதற்காகத் தொடங்கிய தொழில் மணவாழ்வைக் காக்கவில்லை. இருவரும் 1960 இல் மணமுறிவு பெற்றனர். 1962 இல் ஆர்னாசின் பங்குகளை வாங்கி, பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனமொன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இவரது தலைமையில் ஸ்டார் ட்ரெக், மிஷன்: இம்பாசிபிள் ஆகிய தொடர்கள் உருவாயின. 1967 இல் டெசிலுவை விற்றார்.

மறைவு

லூசில் பால் பெருந்தமனி வெடிப்பினால் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. ஜேம்ஸ்டவுனில் லூசில், ஆர்னாஸ் இருவர் பெயரிலும் ஓர் அருங்காட்சியகம் உள்ளது.