இசைத்தட்டில் எஞ்சிய குரல்

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டியது அவரது உச்சக்குரல். இலங்கையில் நடிக்கச் சென்றவிடத்தில் கே.பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார், மேடைத்துணை வாழ்க்கைத்துணையானார்.

1933 டிசம்பரில், 27ஆம் வயதில், கிட்டப்பா மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் தோன்றி ஈராண்டுகளே ஆகியிருந்தன. அவர் எப்படத்திலும் நடித்திலர். மேடையில் இரசிகர் விரும்பும்வரை விரித்துப் பாடியவர், பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடந்தந்த இசைத்தட்டுக்காகத் தம் பாட்டைச் சுருக்கிக்கொண்டார். அந்தச் சுருக்கமே இன்று கேட்கக் கிடைக்கும் கிட்டப்பா. விரித்துப் பாடிய இரவுகளோ கேட்டவர்களோடு போயின. வெள்ளாடை பூண்ட சுந்தராம்பாள், அவருக்குப்பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்தார்.