குடம் சுத்துதா, திரை சுத்துதா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வந்திருக்கீங்களா? அதன் சுவரில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்க ஊர்ப் பெருமை! அதை சிம்போசியத்துக்கு வெப் அனிமேஷனாகப் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன்.

குடத்தைத் திருப்ப, கேன்வாஸ் ரொட்டேட்டுக்குள் 90 என்று கொடுத்தேன். அது ஏறக்குறைய 117 டிகிரி சாய்ந்து, திரையின் இடது மேல் மூலையைச் சுற்றிக்கொண்டு வெளியே பறந்துவிட்டது. ராத்திரி ரெண்டு மணி வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். என்னுடைய ரெண்டு தப்புக்குமான விடை, 1500 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒருத்தரிடம் இருந்தது. அவர் ஆரியபட்டர்.

பிறந்தது 476இல். ஊர் எது என்று இன்னும் சண்டை ஓடுது. வேலை பார்த்தது குசுமபுரத்தில், அதாவது இன்றைய பாட்னா பக்கம். 499இல் தனக்கு 23 வயது என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். 'ஆரியபட்டீயம்' மொத்தமே 121 செய்யுள்தான். நம்ம லேப் ரெக்கார்டை விடச் சின்னது!

முதல் தப்புக்கு வருவோம். ஒரு முழு வட்டம் 360 டிகிரி, அதாவது 21,600 கலை (நிமிடம்). சுற்றளவு 21,600 என்றால் ஆரம் 3438. வில்லை அளக்கும் அதே அலகில் ஆரத்தையும் அளந்தார் மனுஷன். நாம் ரேடியன் என்று படிக்கிறதும் அதே யோசனைதான். ரொட்டேட் கேட்பது ரேடியன், நான் கொடுத்தது டிகிரி. அந்த 3438ஐ வைத்து, 3.75 டிகிரிக்கு ஒன்றாக 24 சைன் மதிப்புகளுக்கான வித்தியாசங்களை ஒரே செய்யுளில் அடைத்தார். 225, 224, 222, 219 என்று போகும். கூட்டிக்கொண்டே போனால் லுக்-அப் டேபிள் ரெடி. அவர் பயன்படுத்திய 'ஜ்யா' என்ற சொல்தான் அரபி வழியாக லத்தீனுக்குப் போய், 'சைனஸ்' ஆகி, நம்ம கோடில் 'சின்' என்று உட்கார்ந்திருக்கிறது.

ரெண்டாவது தப்பு இன்னும் சுவாரசியம். கேன்வாஸில் ரொட்டேட் என்றால் திரும்புவது குடம் இல்லை, நாம் வரையும் அச்சுகள். அதனால்தான் முதலில் குடத்தின் நடுவுக்கு அச்சை நகர்த்தி, அப்புறம் திருப்பணும். எது சுத்துது, எது நிக்குது? ஆரியபட்டர் கேட்டதும் இதைத்தான். படகில் போகிறவனுக்குக் கரை மரங்கள் பின்னால் ஓடுகிற மாதிரி தெரியும். அப்படித்தான் நட்சத்திரங்களும், உண்மையில் சுத்துவது பூமி என்றார். 43,20,000 வருஷத்தில் 158,22,37,500 சுற்று என்று எண்ணிக்கையே கொடுத்தார். வகுத்துப் பாருங்க, ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி வரும். இன்றைய அளவும் அதேதான்!

ஆனா யாரும் கை தட்டவில்லை. பூமி சுத்தினால் உயரமான பொருளெல்லாம் ஏன் விழவில்லை என்று 628இல் பிரம்மகுப்தர் மடக்கினார். அதைவிட வலிக்கிற விஷயம், அவர் நூலுக்கு உரை எழுதியவர்களே அந்த வரிகளுக்கு வேறு அர்த்தம் சொல்லி, பூமியை அசையாமல் நிறுத்திவிட்டார்கள். கணக்கை எடுத்துக்கொண்டு கருத்தை விட்டுவிட்டார்கள். நம்ம வீட்டு ஆணியில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கம்கூட அவர் கணக்கு மரபில் வந்ததுதான்.

1975 ஏப்ரல் 19இல் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் மேலே போனது. அதற்கு வைத்த பெயர் ஆரியபட்டா. அது பூமியைச் சுற்றி வந்தபோது கீழே பூமியும், அவர் சொன்ன மாதிரியே, சுத்திக்கொண்டுதான் இருந்தது.

குடம் இப்போது ஒழுங்காகக் குலுங்குகிறது. உங்க அனிமேஷனும் மூலைக்குப் பறந்தால், முதலில் அலகைப் பாருங்க, அப்புறம் அச்சைப் பாருங்க. அவருக்கு அப்போ 23 வயசு, எனக்கு 21. இன்னும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு!